உருபும் முன்னிடைச்சொல்லும்: ஒரு வரலாற்று நோக்கு

பிறமொழி பயில்வார்க்கு இடர் விளைப்பன பெருஞ்சொற்கள் அல்ல, சிறுசொற்களே. அரும்பொருட் பெயர்களையும் நெடிய வினைகளையும் அகராதி நோக்கி அறிந்துகொள்ளலாம். ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’, ‘டு’, ‘ஃபார்’, ‘பிரம்’, ‘பை’, ‘வித்’ எனச் சில எழுத்துகளில் அடங்கும் ஆங்கில முன்னிடைச்சொற்களோ, பட்டம் பெற்றாரையும் பலமுறை தடுமாற வைக்கின்றன. அலுவலகக் கோப்புகளோடு வாழ்நாளைக் கழிக்கும் எளியேனுக்கு இது நூலறிவால் வந்த உண்மையன்று. பட்டறிந்து பெற்ற பாடம்.

இருபது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது அது. வேறோர் ஊரில், ஓர் அலுவலகத்தில், பணியிற் புதியனாக இருந்தேன். ஓய்வுபெறவிருந்த கடைநிலை ஊழியர் ஒருவருக்கு, ஊதிய நிலுவையாக நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய் சேரவேண்டியிருந்தது. ‘அவர் கணக்கில் உள்ள நிலுவை’ என்று தமிழில் எண்ணிக்கொண்டே ஆங்கிலத்தில் குறிப்பெழுதினேன். ‘டியூ டு’ என எழுதவேண்டிய இடத்தில் ‘டியூ பிரம்’ என எழுதிவிட்டேன். முன்னது அவர் பெறவேண்டியதைச் சுட்டும். பின்னது அவர் செலுத்தவேண்டியதைச் சுட்டும். என் குறிப்பின்மீது மூவர் ஒப்பமிட்டனர். ஒருவரும் அச்சிறுசொல்லைக் கண்டிலர். கடன் கொடுத்தவர் ஒரே சொல்லாற் கடன்பட்டவரானார். அவருடைய பணிக்கொடையிலிருந்து அத்தொகை பிடிக்கப்பட்டது. அவர் என்முன் வந்து நின்று கேட்டதை இக்கட்டுரையின் இறுதியிற் கூறுவேன். அதற்குமுன், இப்பிழையின் வேர் எங்குள்ளது என்பதை வரலாற்றின் வழிநின்று காண்போம்.

பெயர்ச்சொல்லுக்கும் வினைச்சொல்லுக்கும் இடையேயுள்ள உறவைக் காட்டத் தமிழ் மேற்கொண்ட வழி வேற்றுமை. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வேற்றுமையியல், வேற்றுமை மயங்கியல், விளிமரபு என மூன்று இயல்களை இதற்கென வகுத்தார். வேற்றுமை ஏழென்றும், விளியோடு கூட எட்டென்றும் கொண்டார். உருபு தனித்து நில்லாது. பெயரின் பின்னே ஒட்டி வரும். இவற்றுள் ஏழாம் வேற்றுமை ஈண்டுச் சிறப்பாக நோக்கத்தக்கது. இடப்பொருளைக் காட்ட மேல், கீழ், உள், முன், பின், புறம் முதலிய சொற்களை ஆசிரியர் அங்கே வரிசைப்படுத்துகிறார். ஆங்கிலச் சிறுவன் முன்னிடைச்சொற்கள் என மனப்பாடஞ் செய்யும் பட்டியலுக்கு இது பெரிதும் இணையானது. கண், கால், தலை என உடலுறுப்பின் பெயர்களும் இடப்பொருள் உணர்த்த அப்பட்டியலில் இடம்பெற்றிருத்தல் காண்க.

ஆங்கிலத்திலும் இதுவே நிலை. ‘பிசைட்’ என்பதனுள் விலாப்புறத்தைக் குறிக்கும் ‘சைட்’ உள்ளது. ‘பிட்வீன்’ என்பதனுள் இரண்டு என்னும் எண் மறைந்துள்ளது. ‘அமங்’ என்பது ‘கூட்டத்தினுள்’ என்னும் பொருளுடைய பழந்தொடரின் சிதைவு. முழுச்சொல்லாய் வாழ்ந்தவை தேய்ந்து உறவு காட்டும் கருவிகளாதல் இருமொழிக்கும் பொது. ஒன்று பெயருக்கு முன்னே நின்றது. மற்றொன்று பின்னே நின்றது. வேறுபாடு அவ்வளவே.

ஆங்கிலத்துக்கும் ஒருகாலத்தில் வேற்றுமை உருபுகள் நிறைந்திருந்தன என்பதை நம்மிற் பலர் அறியார். பழைய ஆங்கிலத்திற் பெயர்கள் எழுவாய், செயப்படுபொருள், உடைமை, கொடை ஆகிய நிலைகளுக்கு ஏற்ப ஈறு திரிந்தன. முன்னிடைச்சொற்கள் அன்றும் இருந்தன. ஆனால் உறவு காட்டும் சுமை முழுவதும் அவற்றின் தலைமேல் இல்லை. சொல்லின் முதலசையை அழுத்தி ஒலிக்கும் வழக்கத்தால் ஈற்றசைகள் மெலிந்தன. இங்கிலாந்தில் வந்து குடியேறிய வடநாட்டு மக்களோடு கலந்து பழகியதும் அத்தேய்வை விரைவுபடுத்தியது என்பர். 1066இல் நார்மானியர் வெற்றிகொண்ட பின்னர், இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் உருபுகள் பெரும்பாலும் உதிர்ந்தன. உடைமை காட்டும் சகர ஈறும், ‘ஹி’, ‘ஹிம்’, ‘ஹிஸ்’ போன்ற பதிலிப் பெயர்த் திரிபுகளும் பழஞ்செல்வத்தின் எச்சமாய் நின்றன. உதிர்ந்த உருபுகளின் வேலையை முன்னிடைச்சொற்களும் சொல்நிற்கும் வரிசையும் ஏற்றுக்கொண்டன. சிலவே பலவற்றின் பணியை ஏற்றமையால் ஒவ்வொன்றும் பல பொருள் சுமந்தது.

‘வித்’ என்பதன் வரலாறு சுவையானது. பழைய ஆங்கிலத்தில் அதற்கு ‘எதிராக’ என்பதே முதன்மைப் பொருள். ‘உடன்’ என்னும் பொருளுக்கு ‘மித்’ என வேறு சொல் இருந்தது. அச்சொல் மறைந்தது, மருத்துவச்சியைக் குறிக்கும் ‘மிட்வைஃப்’ என்னும் சொல்லில் மட்டும் தங்கியிருக்கிறது. அதன் இடத்தில் ‘வித்’ அமர்ந்தது. ஆயினும் எதிர்த்து நிற்றலைக் குறிக்கும் ‘வித்ஸ்டாண்ட்’ என்னும் வினையிற் பழம்பொருள் இன்றும் வாழ்கிறது. தமிழிலும் நண்பனொடு வந்தான் என்கிறோம். பகைவனொடு பொருதான் என்றும் சொல்கிறோம். ஓருருபே நட்புக்கும் பகைக்கும் நிற்கிறது. பொருளை வினையே தெளிவிக்கிறது.

இவ்விரு நெறிகளும் ஒன்றையொன்று எதிர்கொண்ட வரலாற்றில் நாம் வாழும் இக்கடற்கரைக்கும் பங்குண்டு. போர்த்துக்கீசியப் பாதிரியார் என்றீக்கே என்றீக்கசு 1546இல் இந்தியாவுக்கு வந்து, முத்துக்குளித்துறை மக்களிடையே தமிழ் கற்று, 1549 அளவில் தம் மொழியில் ஒரு தமிழிலக்கணம் எழுதினார். ஐரோப்பியர் எழுதிய தமிழிலக்கணங்களுள் நமக்குக் கிடைப்பனவற்றில் அதுவே முந்தியது. அதன் கையெழுத்துப்படி லிசுபன் நகர நூலகத்திலுள்ளது. ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் வெளிவந்தது. அவர் தமிழில் ஆக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் நமக்கு வடக்கேயுள்ள கொல்லத்தில் அச்சேறியது. இலத்தீன் இலக்கணமே இலக்கணம் எனக் கற்றிருந்தவர் ஆதலின், தமிழ்ப் பெயர்களை இலத்தீன் வேற்றுமைச் சட்டத்திலேயே அவர் அடுக்கிக் காட்டினார். பின்னர் 1716இல் ஆலே நகரில் சீகன்பால்குவின் தமிழிலக்கணமும், 1738இல் தரங்கம்பாடியில் வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணமும் அச்சாயின.

தமிழைத் தமிழின் இனத்தோடு வைத்து நோக்கியவர் கால்டுவெல். நாகர்கோவிலில் தொண்டாற்றிய மால்ட் பாதிரியாரின் மருகரான அவருக்கு அக்காலத் திருவிதாங்கூர் அயலாயிருக்கவில்லை. 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகள் முன்னிடைச்சொல் கொள்ளாது பெயருக்குப் பின்வரும் உருபுகளையே கொள்கின்றன என்பதை, வடமொழியினின்று இவை வேறுபடும் கூறுகளுள் ஒன்றாக எடுத்துக்காட்டினார். ஒருமைக்கும் பன்மைக்கும் அதே உருபு வருதலையும் சுட்டினார். இது தமிழின் குறையுமன்று, தனி விந்தையுமன்று. 1963இல் வெளிவந்த ஆய்வில் அமெரிக்க அறிஞர் கிரீன்பெர்கு, வினையை வாக்கிய இறுதியில் வைக்கும் மொழிகள் பெரும்பாலும் பின்னுருபு கொள்வன எனக் கண்டார். சப்பானியமும் துருக்கியும் நம் பக்கத்தவை.

மலையாள நாட்டில் வாழும் நமக்கு இன்னொரு சான்று செவிமுன்னே உள்ளது. 1834இல் சுவாதித் திருநாள் காலத்தில் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பள்ளி தொடங்கியது. 1866இல் அது கல்லூரியாயிற்று. அக்கல்லூரியிலேயே ‘மனோன்மணீயம்’ தந்த சுந்தரம் பிள்ளை தத்துவம் கற்பித்தார்; ‘கேரள பாணினீயம்’ தந்த இராசராச வர்மா மொழி கற்பித்தார். 1896இல் வெளிவந்து 1917இல் திருத்தம் பெற்ற அவ்விலக்கணத்தில், மலையாள வேற்றுமைகளுள் ஒன்றாக ‘ஓடு’ உருபைச் ‘சம்யோசிகா’ என அவர் தனியே வகுத்தார். தொல்காப்பியரும் மூன்றாம் வேற்றுமைக்கு ‘ஒடு’ என்றே பெயரிட்டார் என்பது நினைக்கத்தக்கது. ‘நின்று’, ‘கொண்டு’ என்பவற்றை நம் இலக்கணிகள் சொல்லுருபு என்பர். தமிழ்நாட்டுப் பேச்சில் ‘நின்று’ மறைந்து ‘இருந்து’ வந்துவிட்டது. இங்கோ பேருந்து நிலையத்திற் கேட்கும் ஒவ்வோர் அறிவிப்பிலும் ‘நின்னு’ உயிரோடிருக்கிறது. கழக்கூட்டத்தை அடுத்த காரியவட்டத்தில், கேரளப் பல்கலைக்கழக வளாகத்தில் இவ்வுறவுகள் ஆராயப்படுவதும், வ. அய். சுப்பிரமணியம் முதலியோர் முயற்சியால் 1971இல் திராவிட மொழியியற் கழகம் தோன்றியதும் நமக்குப் பெருமை தருவன.

இனி, நம் பிள்ளைகள் தடுமாறும் இடங்களைக் காண்போம். தமிழின் ஓருருபுக்கு ஆங்கிலம் பல சொற்களை வேண்டும். சென்னைக்குப் போனான் என்பதில் வரும் குவ்வுருபு ‘டு’ ஆகும். ஐந்து மணிக்கு என்பதில் ‘அட்’ ஆகும். பேருந்துக்குக் காத்திருந்தான் என்பதில் ‘ஃபார்’ ஆகும். பெட்டியில் என்பதற்கு ‘இன்’. சுவரில் என்பதற்கு ‘ஆன்’. இரயிலில் வந்தான் என்பதற்கு ‘பை’. ‘இடம்’ என்பதோ இன்னும் நுட்பமானது. அவரிடம் கொடு, அவரிடம் வாங்கு, அவரிடம் இருக்கிறது என்னும் மூன்றிலும் ஒரே வடிவம். ஆங்கிலத்தில் முறையே ‘டு’, ‘பிரம்’, ‘வித்’. திசையைத் தமிழ் வினையிடம் விட்டுவைக்கிறது. ஆங்கிலம் முன்னிடைச்சொல்லிலேயே காட்டிவிடுகிறது. என் கோப்பிற் பிழை புகுந்த வாயில் இதுவே. ‘கணக்கில் உள்ள நிலுவை’ என்ற தொடரில் வினையும் இல்லை, திசையும் இல்லை.

மற்றொன்று. மேசைமேல் உள்ள புத்தகம் என்கையில் ‘உள்ள’ என்னும் எச்சம் இடையில் நின்று பெயரோடு பெயரை இணைக்கிறது. ஆங்கிலம் எச்சமின்றியே முன்னிடைத் தொடரைப் பெயரின் பின் வைத்துவிடும். அதனால் அங்கே சிலபோது மயக்கம் பிறக்கும். தொலைநோக்கியால் ஒருவரைக் கண்டேன் என்பதும், தொலைநோக்கி வைத்திருந்தவரைக் கண்டேன் என்பதும் ஆங்கிலத்தில் ஒரே தொடராய் அமையலாம். தமிழில் அம்மயக்கம் இல்லை. இம்மொழியின் புலவர்களும் இச்சிறுசொற்களைப் பற்றி வழக்காடியவர்களே. வாக்கிய இறுதியில் முன்னிடைச்சொல்லை நிறுத்தியதற்காகப் பென் சான்சனை 1672இல் திரைடன் குறைகூறினார். மக்கள் வழக்கோ அத்தடையைப் பொருட்படுத்தவில்லை.

இவற்றால் பெறப்படுவது யாது? ஆங்கில முன்னிடைச்சொல்லைத் தனிச்சொல்லாய் மனப்பாடஞ் செய்தல் பயன்தராது. வினையோடும் பெயரோடும் சேர்த்தே கற்கவேண்டும். ‘காத்திரு’ என்பதனோடு ‘ஃபார்’ உடன்பிறந்தது. ‘டிஸ்கஸ்’ என்பதற்கு நம் ‘பற்றி’ வேண்டாதது. இவ்வேறுபாட்டைக் குழந்தை காணவேண்டுமாயின், ஒப்பிட ஒரு மொழி அதன் நெஞ்சில் வேரூன்றியிருத்தல் வேண்டும். பள்ளியில் ஆங்கிலமும் தெருவில் மலையாளமும் கேட்டு வளரும் நம் மக்களுக்கு, வீட்டில் தமிழைத் தவிர்ப்பதால் ஆங்கிலம் வந்துவிடாது. உண்ணும்போது பேசும் ஒரு தொடரை எடுத்து, இதில் உருபு எது, ஆங்கிலத்தில் அதன் இடத்தில் வருவது எது என நாளொன்றுக்கு ஒரு வினா கேளுங்கள். அதற்குப் பெரும் புலமை தேவையில்லை.

அந்த முதியவர்க்கு ஆங்கிலம் தெரியாது. ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு என்முன் நின்றார். சினமில்லாமற் கேட்டார்: “சார், இது நான் குடுக்கணுமா, எனக்குக் குடுக்கணுமா?” மூவர் ஒப்பமிட்ட கோப்பிற் காணப்படாத பிழையை அவருடைய குவ்வுருபு ஒரு நொடியிற் காட்டிவிட்டது. பிழை என்னுடையது என எழுதிக்கொடுத்தேன். தொகை அவரிடம் திரும்பிச் சேர ஏழு மாதங்களாயின. அன்றுமுதல் ஒவ்வொரு குறிப்பையும் மேலே அனுப்புமுன் அவருடைய வினாவைத் தமிழில் ஒருமுறை எனக்குள் கேட்டுக்கொள்கிறேன்.