நற்கருணைப் பந்தியும் தோட்டத் தமிழரும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பேராக் மாநிலத்திலுள்ள பத்து காஜா, ஆங்கிலேயர் ஆட்சியில் கிந்தா மாவட்டத்தின் நிருவாக மையமாகத் திகழ்ந்த ஊராகும். ஈயச் சுரங்கங்களும் இரப்பர்த் தோட்டங்களும் சூழ்ந்த இவ்வூரில் புனித சூசையப்பர் ஆலயம் அமைந்துள்ளது. இத்தகைய ஊர்களின் கிறித்தவ வரலாற்றை எழுதப் புகுவோர் ஆலயம் எழுந்த ஆண்டையும் பணியாற்றிய குருக்களின் பெயர்களையும் கூறி அமைந்துவிடுதல் இயல்பு. வழிபாட்டின் நடுவமான நற்கருணையை உட்கொள்ள எவரால் இயன்றது, எவரால் இயலவில்லை என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. இருபதாம் நூற்றாண்டில் அவ்வழிபாட்டில் நேர்ந்த மாற்றங்களைத் தோட்டத் தொழிலாளியின் நிலையிலிருந்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

ஒரே சடங்கைத் தமிழர் பல சொற்களால் வழங்கி வந்துள்ளனர். கத்தோலிக்கர் அதனை ‘நற்கருணை’ என்றனர். அது நிகழும் வழிபாட்டை முன்னர்ப் ‘பூசை’ என்றும் பின்னர்த் ‘திருப்பலி’ என்றும் அழைத்தனர். சீர்திருத்தச் சபையார் தம் பழைய விவிலிய மொழிபெயர்ப்பையொட்டி ‘இராப்போஜனம்’ என்றனர். இரு சாராரும் இணைந்து உருவாக்கி 1995இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு ‘திருவிருந்து’ என்னும் சொல்லை ஆள்கின்றது. பண்டைத் தமிழில் ‘விருந்து’ என்பது புதுமையையும் புதிதாய் வந்தவரையும் குறித்தது. உணவைக் குறித்தது பின்னரே. எனவே, திருவிருந்து என்று பெயரிட்ட பின்னர், வந்தவர் அனைவருக்கும் அங்கு இடமுண்டா என்னும் கேள்வியைத் தவிர்க்க இயலாது.

இக்கேள்வி தமிழகத்தில் முதலில் சாதியை முன்னிட்டு எழுந்தது. ஒரே கிண்ணத்திலிருந்து திராட்சை இரசம் அருந்துவதில் சாதி முன்பின் பார்க்கும் வழக்கம் தஞ்சைப் பகுதிச் சபைகளில் நிலவியது. கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், 1833இல் திருச்சபைக்குள் சாதி வேற்றுமை கூடாதெனக் கட்டளையிட்டார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் உள்ளிட்டோர் சாதி வழக்கத்தில் மிஷனெரிமார் தலையிடுவதை எதிர்த்தனர். சபையின் கட்டளையைக் காட்டிலும் பந்தியின் பழக்கம் வலியது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகின்றது.

நோன்பும் நேரமும்

மலாயாத் தோட்டங்களில் கத்தோலிக்கத் தமிழர் எதிர்கொண்ட தடை வேறு வகையானது; அது கடிகாரத்தைச் சார்ந்தது. 1215ஆம் ஆண்டின் நான்காம் இலாத்தரன் சங்கம், ஆண்டுக்கு ஒருமுறையேனும் நற்கருணை பெறுதலைக் கடமையாக்கியது. 1905இல் பத்தாம் பத்திநாதர், தகுதியுடையோர் நாள்தோறும் பெறலாம் என ஊக்குவித்தார். ஆயினும், நள்ளிரவு முதல் நீரும் அருந்தாதிருத்தல் வேண்டும் என்ற விதி நீங்கவில்லை. வழிபாடும் காலையிலேயே நிகழ்ந்தது.

பால்மரம் வெட்டும் தொழிலாளிக்கு இவ்விதியின் சுமையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வெயில் ஏறுமுன் பால் நன்கு வடியும் என்பதால் விடியலுக்கு முன்னரே பெரட்டுக்களத்தில் நிற்றல் வேண்டும். வேலை இருந்த நாளில் காலை வழிபாடு அவருக்கு எட்டாது. ஓய்வு நாளிலும் வெறும் வயிற்றோடு தொலைவிலுள்ள ஆலயத்திற்கு நடத்தல் வேண்டும். ஆகவே, பக்திக் குறைவு என்று கருதத்தக்க வராமை, பல வேளைகளில் வேலை நேரத்தின் விளைவே எனலாம்.

இத்தடை படிப்படியாகத் தளர்ந்தது. 1953இல் பன்னிரண்டாம் பத்திநாதர், நீர் அருந்துதல் நோன்பை முறிக்காது என அறிவித்து, ஆயரின் இசைவோடு மாலைத் திருப்பலிக்கும் வழிவகுத்தார். 1957இல் நோன்பு மூன்று மணி நேரமாகவும், 1964இல் ஒரு மணி நேரமாகவும் குறைக்கப்பட்டது. உரோமையில் எடுக்கப்பட்ட இம்முடிவுகள் இரப்பர்த் தோட்டத்தைக் கருதி எழுந்தவை அல்ல. எனினும், மாலையில் ஓய்வு பெறும் உழைப்பாளிக்கு அவை பந்தியைத் திறந்துவிட்டன.

மொழியும் பணியாளரும்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, தாய்மொழி வழிபாட்டிற்கு வாயில் திறந்தது. அதுவரை இலத்தீனில் கேட்ட மன்றாட்டுகளைத் தமிழர் பின்னர்த் தம் மொழியிலேயே கேட்டு மறுமொழி கூறினர். 1973இல் பொதுநிலையினரும் சிறப்பு அனுமதியோடு நற்கருணை வழங்கலாம் என உரோமை இசைவளித்தது. குருவின் வருகையை எதிர்நோக்கியிருந்த நோயாளிக்கும் முதியவருக்கும் அண்டை வீட்டாரே நற்கருணையைக் கொண்டுசெல்லும் நிலை இதனால் உருவாயிற்று.

முடிவுரை

நற்கருணையின் கோட்பாடு நூற்றாண்டுகளாகப் பெரிதும் மாறவில்லை. அதனை அணுகும் வழியே மாறியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்த பின்னர், உடன் உண்ட சமூகமும் சிதறியது. 2020 மார்ச் 18 முதல் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பிலிருந்தபோது, ஆலயங்கள் மூடப்பட்டு வழிபாடு திரையில் மட்டுமே காணக்கூடியதாயிற்று. மலைநாட்டு முன்னோர் பலர் அறிந்திருந்த தொலைவை அன்று அனைவரும் அறிந்தனர். ஆதலின், நம் ஆலய வரலாறுகளில் கட்டடத்தின் கதையோடு, பந்திக்கு வர முடியாது போனவர்களின் கதையும் இடம்பெறுதல் வேண்டும். அதனை நினைவில் வைத்திருக்கும் தோட்டத்து முதியவர்கள் இருக்கும்போதே அப்பணி தொடங்கப்பட வேண்டும்.