நெய்வேலி வட்டாரத்தில் மின்னணு வேளாண்மை

கடலூர் மாவட்டம் நெய்வேலி நகரியத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் நெல், கரும்பு, நிலக்கடலை, முந்திரி, பலா ஆகியவை விளைகின்றன. 1956இல் தொடங்கப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனம் (என்.எல்.சி.), சுரங்கத்துக்குள் நீர் பொங்கிவிடாதபடி நிலக்கரிப் படுகைக்கு அடியிலுள்ள ஊற்றுநீரை இடைவிடாமல் இறைத்து வருகிறது. அதில் ஒரு பகுதி வயல்களுக்குப் பாய்கிறது. அது எட்டாத நிலங்களுக்கு ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும்தான் துணை. ஆகவே இங்கே எந்தப் புதிய நுட்பத்தையும் தண்ணீரை வைத்தே எடைபோட வேண்டும்.

தமிழ்நாட்டில் 1990 முதல் உழவர்களுக்கு மின்சாரம் இலவசம். ஆனால் மும்முனை மின்சாரத்துக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. அகாலத்தில் வந்தால், டார்ச் விளக்கோடு வரப்பில் நடந்து மோட்டார் கொட்டகைக்குப் போக வேண்டும். பாம்புக்கடி, மின்கசிவு என்று உயிருக்கே ஆபத்தான நடை அது. செல்போன் ஸ்டார்ட்டர் அந்த நடையை மிச்சப்படுத்தியது. பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். வீட்டிலிருந்து அழைத்தால் மோட்டார் ஓடும். ஒரு ஃபேஸ் போனாலோ கிணற்றில் நீர் குறைந்தாலோ தானே நின்றுவிடும், காயில் கருகாது. வேளாண்மைப் பொறியியல் துறை இதற்கு மானியம் தருகிறது. எனினும் மோட்டாரைப் போடுவது எளிதாகிவிட்டால் மட்டும் நிலத்தடி நீர் மிஞ்சாது. மண்ணின் ஈரத்தை அளக்கும் உணரியும் சொட்டுநீர்க் குழாயும் உடன் சேர வேண்டும்.

செல்போன் பரவுவதற்கு முன்பே அண்டைப் பகுதியில் முன்னோடி முயற்சி ஒன்று நடந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரியின் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. மின்வெட்டைச் சமாளிக்கச் சூரிய மின்தகடு, தொலைபேசி இல்லாத ஊருக்கு வானொலி அலை இணைப்பு, விவரம் திரட்ட உள்ளூர்த் தொண்டர்கள், அவர்களில் பலர் பெண்கள். வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு அறிவித்தார்கள். இணையத்தில் கிடைத்ததை ஊர்ப் பேச்சில் எடுத்துச் சொல்ல ஆள் இருந்ததே அத்திட்டத்தின் உயிர்.

2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயல் இம்மாவட்டத்தின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. முன்னறிவிப்பு கிடைத்தாலும் மரத்தை நகர்த்த முடியாது. நெல் அறுவடையையும் உரமிடுவதையும் முன்பின் தள்ளலாம். இந்திய வானிலைத் துறை செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வெளியிடும் வேளாண் வானிலை அறிக்கைகள் அதற்கு உதவுகின்றன. 2018இல் தமிழக அரசு வெளியிட்ட 'உழவன்' செயலியில் வானிலையோடு சந்தை விலை, மானிய முன்பதிவு, கடைகளின் உர இருப்பு ஆகியவற்றையும் தமிழிலேயே பார்க்கலாம்.