ஆறு பென்ஸ் புத்தகம்

அடையாற்று ஆலமரத்தடியில் வெள்ளுடையோடு வீற்றிருந்த அன்னி பெசண்ட் அம்மையாரைத்தான் நமக்குப் பழக்கம். அதே அம்மையார் 1877-இல் லண்டன் கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டு நின்றவர்.

கர்ப்பத்தடை பற்றி நோல்டன் என்ற அமெரிக்க டாக்டர் 1832-இல் எழுதிய சிறு நூலைச் சார்லஸ் பிராட்லாவுடன் சேர்ந்து மறுபடி அச்சிட்டு, ஆறு பென்ஸுக்கு விற்றார். ஆபாசமாம்! கூலிக்காரன் மனைவியும் வாங்கக்கூடிய அந்த விலைதான் கனவான்களை அதிகம் உறுத்தியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அம்மையார் வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. அடுத்தடுத்துப் பெற்றுத் தேய்ந்துபோகும் ஏழைத் தாய்மார்களுக்காகத் தாமே வாதாடினார். வழக்கின் புண்ணியத்தில் புத்தகம் லட்சத்துக்கு மேல் விற்றது. ஆறு மாதச் சிறை, 200 பவுன் அபராதம் என்று தீர்ப்பாயிற்று. ஆட்சேபமான வாசகங்களைக் குற்றப்பத்திரிகையில் எடுத்தெழுதவில்லை என்ற நுணுக்கத்தால் 1878-இல் அது ரத்தாகிவிட்டது.

அதே வருஷம் வேறொரு தண்டனை வந்தது. பிரிந்து வாழ்ந்த கணவர் ஒரு பாதிரியார். நாத்திகம் பேசி இப்படியொரு புத்தகமும் விற்பவளிடம் பெண் குழந்தை வளரலாகாது என்று வழக்காடி, மகள் மேபலைப் பெற்றுக்கொண்டார். இதற்கு அப்பீலில் நுணுக்கம் எதுவும் உதவவில்லை.

பிரம்மஞான சபையில் சேர்ந்தபின், கர்ப்பத்தடை பற்றித் தாமே எழுதிய நூலையும் 1891-இல் அம்மையார் விற்பனையிலிருந்து நிறுத்திவிட்டார். மேபல், வயது வந்ததும் தாயிடமே வந்து சேர்ந்தாள்.