சிவப்பு டீயும் ஜமைக்கா கிறிஸ்துமஸும்

நேற்று இஞ்சி, கிராம்பு தட்டிப்போட்டுச் சிவப்பு டீ வைத்தேன். இது வேலியோரச் செம்பருத்தி அல்ல. நம் புளிச்சக்கீரையின் இனம். போடுவது இதழும் அல்ல, காயைச் சுற்றிச் சதைப்பிடித்திருக்கும் புல்லிவட்டம். (வகுப்பில் அதை அவசரமாகத்தான் நடத்தியிருக்கிறேன்!)

மேற்கு ஆப்பிரிக்காவில் பழகிய செடி. அங்கிருந்து மக்களை அடிமைகளாகக் கப்பலேற்றிய காலத்தில் இதுவும் ஜமைக்கா போய்ச் சேர்ந்தது. அங்கே 'சோரெல்' என்பார்கள், கிறிஸ்துமஸ் பானம். கரும்புத் தோட்டத்து அடிமைகளுக்கு அப்போது விடுமுறையும் கிடைத்தது. 1831இல் அந்த விடுமுறை முடிந்ததும், கூலி தந்தால்தான் வேலை என்று எழுந்தார்கள். தலைமை தாங்கிய சாமுவேல் ஷார்ப்பை 1832இல் தூக்கிலிட்டார்கள். மறு ஆண்டே பிரிட்டனில் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது.

செய்முறை எழுதுகிறவர்கள் தேன் எவ்வளவு என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். இரும்புச் சட்டி வேண்டாம். இரவு முழுக்க ஊறட்டும்.