ஹெல்மெட்டா, சிற்பமா?

'ஸ்டார் வார்ஸ்' (1977) படத்தில் கும்பல் கும்பலாக வருவார்களே, வெள்ளை ஹெல்மெட் வீரர்கள்... வடிவத்தைக் கற்பனை செய்தவர் ஓவியர் ரால்ஃப் மெக்குவாரி. 50 ஹெல்மெட்களைச் செய்து கொடுத்தவர், லண்டன் ட்விக்கன்ஹாமில் பட்டறை வைத்திருந்த ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த்.

வேலை ரொம்ப சிம்பிள். பிளாஸ்டிக் ஷீட்டைச் சூடாக்கி, அச்சின் மேல் போர்த்தி, அடியிலிருந்து காற்றை உறிஞ்ச வேண்டும். அச்சின் ஒவ்வொரு வரியும் அப்படியே பதிந்துவிடும். அச்சு தயாரானால் போதும், அடுத்தடுத்த ஹெல்மெட்டுக்குச் செலவு கொஞ்சம்தான்.

2004-ல் அதே ஹெல்மெட்டின் நகல்களை ஐன்ஸ்வொர்த் விற்க ஆரம்பித்தார். வந்தது வம்பு! லூகாஸ்ஃபிலிம் வழக்குப் போட, 2006-ல் அமெரிக்க கோர்ட் விதித்த நஷ்டஈடு 2 கோடி டாலர்! வழக்கு லண்டனுக்கும் வந்தது. கேள்வி ஒன்றுதான்: ஹெல்மெட் சிற்பமா? ஆம் என்றால், படைத்தவர் காலத்துக்குப் பிறகும் 70 ஆண்டு காப்புரிமை உண்டு.

2008-ல் நீதிபதி மான் ஓர் அழகான உதாரணம் சொன்னார். கலைக்கூடத்தில் வைத்த செங்கல் குவியல் சிற்பமாகலாம். அதே குவியல் வீட்டு வாசலில் கிடந்தால் வெறும் செங்கல்தான்!

2011 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டும், 'ஹெல்மெட் சிற்பமல்ல' என்றது. ஆனால், அமெரிக்கக் காப்புரிமையை மீறியதற்கு பிரிட்டனிலேயே வழக்குத் தொடுக்கலாம் என்றும் சொல்லிவிட்டது. ஆக, பட்டறைக்காரருக்குக் கிடைத்தது வெற்றிதான்... உள்ளூரில் மட்டும்!