ராயபுரத்தில் தலை, மானாமதுரையில் உடல்

1952 ஆகஸ்டு இறுதியில் சென்னையிலிருந்து சென்ற போட் மெயில் ரயிலில் கேட்பாரற்றுக் கிடந்த டிரங்குப் பெட்டியை மானாமதுரையில் திறந்தார்கள். உள்ளே தலையில்லாத ஓர் ஆணின் உடல்! சில நாட்களில் ராயபுரம் கடற்கரையில் ஒரு தலை கிடைத்தது. 400 கிலோமீட்டருக்கும் அப்பாற்பட்ட இவ்விரண்டும் ஒருவருடையவைதாமா? அவர் யார்? இதற்கு விடை இல்லையேல் வழக்கே இல்லை.

மானாமதுரையில் இறந்தவரின் வயது ஏறக்குறைய 25 என மதித்திருந்தனர். சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சி. பி. கோபாலகிருஷ்ணன் எலும்புகளை ஆராய்ந்தார். இளமையில் எலும்பின் முனைகளைக் குருத்தெலும்பு பிரித்து நிற்கும். வளர்ச்சி முடிந்ததும் அவை ஒன்றிவிடும். பின்னர் மண்டையோட்டின் இணைப்புகளும் மெல்ல மறையும். இத்தகைய அடையாளங்களைக் கொண்டு, இறந்தவர் நாற்பதைக் கடந்தவர் என்றும், தலையும் உடலும் ஒருவருடையவையே என்றும் அவர் முடிவு செய்தார். காது மடலின் துளைகள், காணாமற்போன பேனா வியாபாரி ஆளவந்தாரைச் சுட்டின.

ஆளவந்தார் முன்பு ராணுவத்தில் பணியாற்றியவர். அங்கே பதிவாகியிருந்த கைரேகையும் பிணத்தின் கைரேகையும் ஒத்திருந்தன. கருவிலேயே உருவாகும் இந்த வரிகள் ஆயுள் முழுவதும் மாறுவதில்லை.

1953இல் குற்றவாளிகள் இருவருக்கும் சிறைத் தண்டனை கிடைத்தது. தலையை நீக்கினால் ஆளும் மறைவான் என்று எண்ணியவர்கள் விரல்களை மறந்துவிட்டார்கள்!