சொல்லடைவும் செயற்கை நுண்ணறிவும்: ராபர்ட்டோ பூசாவின் பணி கிறித்துவத் தலைமைக்கு உணர்த்துவன

முன்னுரை

செயற்கை நுண்ணறிவைக் கிறித்துவ சமயத் தலைவர்கள் எவ்வாறு அணுக வேண்டும் என்னும் வினா இன்று பரவலாக எழுப்பப்படுகிறது. பெரும்பாலும் அது பொறியை ஏற்பதா, மறுப்பதா என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. ஆயின், கத்தோலிக்கத் துறவி ஒருவர் முப்பது ஆண்டுகள் கணினியோடு பணியாற்றிய வரலாறு ஒன்று நம்முன் உள்ளது. இயேசு சபைக் குருவான ராபர்ட்டோ பூசா (1913-2011) உருவாக்கிய சொல்லடைவின் வரலாறே அது. அவ்வரலாறு இவ்வினாவுக்கு அளிக்கும் விளக்கத்தை இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகிறோம்.

சொல்லடைவு உருவான வரலாறு

இத்தாலியின் விச்சென்சா நகரில் பிறந்த பூசா, 13ஆம் நூற்றாண்டு இறையியலாளரான தாமஸ் அக்குவினாஸின் நூல்களில் இடம்பெறும் 'உடனிருத்தல்' என்னும் கருத்தை முனைவர் பட்டத்திற்கு ஆய்வுப் பொருளாகக் கொண்டார். அக்கருத்தை நேரடியாகச் சுட்டும் பெயர்ச்சொற்களைவிட, 'இன்' என்னும் சிறிய இலத்தீன் முன்னிடைச்சொல்லே அதனைப் பெரிதும் தாங்கி நிற்பதை அவர் கண்டார். தமிழில் 'இல்' என்னும் ஏழாம் வேற்றுமை உருபு உணர்த்தும் பொருளோடு இச்சொல்லை ஒருவாறு ஒப்பிடலாம். இத்தகைய சிறு சொற்கள் பயின்று வரும் இடங்களையெல்லாம் திரட்ட, அவர் கையாலேயே 10,000 அட்டைகளை எழுதினார். அக்குவினாஸின் நூல்கள் அனைத்துக்கும் இம்முறையில் சொல்லடைவு காண்பது தனியொருவரால் இயலாது என்பதை அவ்வனுபவம் உணர்த்தியது.

1949ஆம் ஆண்டில் பூசா நியூயார்க் சென்று ஐ.பி.எம். நிறுவனத் தலைவர் தாமஸ் ஜே. வாட்சனைச் சந்தித்து உதவி பெற்றார். துளையட்டைகளில் தொடங்கிய பணி காந்த நாடாக்களுக்கும் பின்னர் ஒளி அச்சுக்கோப்புக்கும் வளர்ந்தது. 'இண்டெக்ஸ் தோமிஸ்டிக்கஸ்' என்னும் அச்சொல்லடைவு 1974 முதல் 1980 வரை 56 தொகுதிகளாக வெளிவந்தது. அதில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட சொற்கள் வகைப்படுத்தப்பட்டுள்ளன.

இப்பணியில் கணினி இயங்கிய நேரம் 10,000 மணிக்கும் குறைவு என்றும், மனிதர் உழைத்த நேரம் பத்து இலட்சம் மணியினும் மிகுதி என்றும் பூசா கணக்கிட்டுள்ளார். இதற்கான காரணம் மொழியாசிரியர்களுக்கு எளிதில் விளங்கும். 'படி' என்னும் சொல் ஓரிடத்தில் வினையாகவும் மற்றோரிடத்தில் பெயராகவும் வரும். இலத்தீனிலும் அவ்வாறு ஒரே வடிவில் அமைந்த வேறுபட்ட சொற்கள் பல உண்டு. சொற்களை அடுக்குவதும் எண்ணுவதும் பொறிக்கு எளிது. பொருளறிந்து பிரிக்கும் பொறுப்போ அறிஞர்களிடமே இருந்தது. கணினியின் பயன் உழைப்பைக் குறைப்பது மட்டுமன்று, ஆய்வை ஆழப்படுத்துவதே தலையாயது என்பது பூசாவின் கருத்து.

பெயர் பெறாத உழைப்பாளர்

இவ்வரலாற்றுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. 1950களிலும் 1960களிலும் கல்லாரத்தே நகரில் இயங்கிய பூசாவின் மையத்தில் துளையட்டைகளைத் தயாரித்தவருள் பெரும்பாலோர் இளம்பெண்கள். தமக்குத் தெரியாத மொழிகளின் நூல்களையும் அவர்கள் பிழையின்றிப் பதிவுசெய்ய வேண்டியிருந்தது. கணினிசார் மானுடவியல் ஆய்வின் முன்னோடி என்ற புகழ் பூசாவுக்குக் கிட்டியது. அப்பெண்களின் பெயர்களோ நெடுங்காலம் அறியப்படாமலே இருந்தன. அண்மைக்கால ஆய்வுகளே அவர்களுள் சிலரை நேர்கண்டு அவர்களின் நினைவுகளைப் பதிவுசெய்துள்ளன. இச்சொல்லடைவை அளவிறந்து போற்றுவோரும் இக்குறையைப் புறக்கணித்தல் இயலாது.

திருச்சபையின் இன்றைய நிலைப்பாடு

2020 பிப்ரவரி 28ஆம் நாள் திருப்பீட வாழ்வியல் கழகம் ரோமில் வெளியிட்ட செயற்கை நுண்ணறிவு அறநெறி அறிக்கையில் ஐ.பி.எம். நிறுவனமும் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் கையொப்பமிட்டன. 2025 ஜனவரி 28ஆம் நாள் வெளிவந்த 'அந்திகுவா எத் நோவா' என்னும் வத்திக்கான் ஆவணம், அக்குவினாஸின் வழிநின்று, உண்மையை நேரே உணரும் அறிவையும் படிப்படியாக ஆராய்ந்து முடிவுகாணும் அறிவையும் மனித அறிவின் இரு கூறுகளாக விளக்குகிறது. தொழிலாளரின் திறன் குன்றுதல், கண்காணிப்பு மிகுதல் ஆகிய இடர்களையும் அது சுட்டுகிறது. ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலான உறவைப் பொறியால் ஈடுசெய்ய இயலாது என்பதும் அதன் நிலைப்பாடாகும்.

2025 மே மாதம் பொறுப்பேற்ற திருத்தந்தை 14ஆம் லியோ, தாம் அப்பெயரைத் தேர்ந்தமைக்குத் திருத்தந்தை 13ஆம் லியோவைக் காரணம் காட்டினார். தொழிற்புரட்சிக் காலத்தில், 1891இல், உழைப்பாளர் உரிமை குறித்துச் சுற்றுமடல் வரைந்தவர் அவர். 1879இல் அக்குவினாஸின் மெய்யியலைக் கத்தோலிக்கக் கல்வியில் மீண்டும் நிலைநாட்டியவரும் அவரே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. பூசாவின் வரலாறு எழுப்பும் பொருளறிவு, உழைப்பு என்னும் இருவகை வினாக்களும் அவரிடத்தில் ஒன்றுசேர்வதைக் காணலாம்.

முடிவுரை

பூசா பொறியை அஞ்சவில்லை. பொருள் துணியும் பொறுப்பை அதனிடம் ஒப்படைக்கவுமில்லை. மறையுரைக்கும் மறைக்கல்விக்கும் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்த விழையும் தலைவர்கள் அவரிடமிருந்து கற்கத்தக்கது இதுவாகும். எனினும், கல்லாரத்தேயின் குறையை அவர்கள் மீண்டும் செய்தல் ஆகாது. இன்றைய பொறிகளைப் பயிற்றுவிக்கக் கென்யாவிலும் இந்தியாவிலும் பிலிப்பைன்சிலும் பலர் படங்களுக்கும் வாக்கியங்களுக்கும் குறியிட்டு வருகின்றனர். அவர்களின் பெயரை அப்பொறியைப் பயன்படுத்துவோர் அறியார். உழைப்பின் மாண்பைப் பேசும் திருச்சபை, தான் பயன்படுத்தும் கருவி எவர் உழைப்பால் உருவாயிற்று, அவர்களுக்கு உரிய ஊதியம் கிடைத்ததா என்று முதலில் கேட்க வேண்டும். அவ்வினாவை எழுப்பாத அறநெறி அறிக்கை நிறைவுடையதாகாது என்பதே நம் துணிபு.